ராணியும் அக்காவும் மறைத்த வியாதி

ஒப்பரேஷனுக்கு முதல் நிரப்பச் சொல்லித் தந்த படிவத்தில் கேள்விகளுக்குக் குறைவில்லை. சிகரெட் உண்டா, குடி உண்டா, கட்டுப்பல் உண்டா என்று கேட்டுக்கொண்டே போய், இரண்டாம் பக்கத்தில், குடும்பத்தில் யாருக்காவது இரத்தம் உறையாத வியாதி இருந்ததா என்றும் கேட்டிருந்தார்கள். 'இல்லை' என்ற பெட்டியில் சரி போட்டேன். யோசிக்கக்கூட இல்லை. எங்கள் குடும்பத்தில் சீனி வருத்தம் இருக்கிறது, பிரஷர் இருக்கிறது, வாய்க்கொழுப்பு தேவைக்கு மேலேயே இருக்கிறது. இரத்த வியாதி இருப்பதாக எனக்கு யாரும் சொன்னதில்லை. அந்த ஒரு சரியால் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

"ஹேர்னியா தானே அண்ணை, அதுக்கேன் இவ்வளவு நாள்?" என்று சிட்னியில் எங்கள் பென்டில் ஹில் கடைகளில் காண்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. எழுதி வைத்தால் வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும். சொந்தக்காரர் சிலர் வாசித்துவிட்டு முகத்தைத் திருப்புவார்கள். தாராளமாகத் திருப்பட்டும்.

நான் ரொட்டி, அதுதான் பாண், சுடும் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். இருபது வருடம் மா மூட்டை தூக்கியதில் அடிவயிற்றில் குடல் பிதுங்கிவிட்டது. சின்ன ஒப்பரேஷன், காலையில் போய்ப் பின்னேரம் வீட்டுக்கு வரலாம் என்றார்கள். மெல்பேர்ணில் கிரான்பர்ன் பக்கம் இருக்கும் அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "கட்டாயம் வெட்டத்தான் வேணுமோ?" என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு, "சரி, வெள்ளிக்கிழமை கோயிலில உன்ர பேருக்கு அர்ச்சனை செய்விக்கிறன்" என்றாள். தம்பி மேல் எவ்வளவு பாசம் என்று நெகிழ்ந்து போனேன். மடையன்.

ஒப்பரேஷன் முடிந்த மூன்றாம் நாள் காலை குளியலறையில் கால் மடிந்து விழுந்தேன். வலது தொடை கறுத்து வீங்கி, தோல் இழுபட்டுப் பளபளத்தது. முழங்காலுக்கு மேலே தொட்டால் தொட்டது தெரியவில்லை. என் மனைவி வதனி முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். நோயாளிகளின் உடம்பைப் பார்த்துப் பழகியவள். அவள் தொடையைப் பார்த்ததும் நேரே போய்க் கார்ச் சாவியை எடுத்தபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

அவசரப் பிரிவின் காத்திருப்பு அறையில் இரண்டரை மணித்தியாலம் இருந்தோம். வதனி தன் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து என் தொடைக்குக் கீழே வைத்தாள். மூன்று தரம் கவுண்டருக்குப் போனாள். மூன்றாம் தரம், "வந்து ஒருக்கால் உங்கள் கையாலேயே தொட்டுப் பாருங்கள்" என்று அமைதியாகச் சொன்னாள். வந்து தொட்டுப் பார்த்த நேர்ஸ் அதன் பிறகு நடக்கவில்லை, ஓடினாள். ஸ்கான் எடுத்தார்கள். அடிவயிற்றுக்கும் தொடைக்கும் நடுவில் தேங்காய் அளவுக்கு இரத்தம் கட்டி, காலுக்குப் போகும் நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. திறந்து துடைக்கலாம் என்று வந்த டொக்டர், இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுக் கத்தியைத் தொடாமல் திரும்பிப் போனார்.

மறுநாள் இரத்த வியாதிகளுக்கான டொக்டர் வந்தாள். சின்னப் பெண், பொறுமையாகப் பேசினாள். இரத்தம் உறைவதற்குப் பல புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்ய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம் உண்டு, எனக்கு ஒன்பதாம் இலக்கம் குறைவு என்றாள். பாண் தொழிற்சாலைக்காரனுக்கு இது உடனே விளங்கியது. வரிசையில் ஒன்பதாவது ஆள் வேலைக்கு வராவிட்டால், முன்னால் நிற்கும் எட்டுப் பேர் எவ்வளவு முறிந்து வேலை செய்தாலும் பாண் பெட்டிக்குள் போகாது. வியாதியின் பெயர் ஹீமோபிலியா பி. எனக்கு இருப்பது லேசான வகை, வெட்டுக்கொத்து வரும்வரை வெளியே தெரியாது. பிறப்போடு வருவது. தாயிடமிருந்து மகனுக்கு வரும். அந்த மகனிடமிருந்து அவனுடைய மகன்களுக்குப் போகாது, ஆனால் மகள்கள் எல்லோருக்கும் கட்டாயம் போகும். பெரும்பாலான மகள்களுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. அவர்கள் அதைச் சுமந்துகொண்டு போய் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பார்கள்.

"முன்பு எப்போதாவது இரத்தம் நிற்காமல் ஓடியதா?" என்று கேட்டாள். பதினாலு வயதில் பல் பிடுங்கி மூன்று நாள் ஓடியது. "நாக்கால நோண்டினா ஓடாம என்ன செய்யும்?" என்று அம்மா எனக்குத்தான் ஏசினாள். அதைச் சொன்னேன். டொக்டர் குறித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த ஒன்பதாம் இலக்கத்தை ஊசியில் என் கை நரம்புக்குள் ஏற்றத் தொடங்கினார்கள்.

டொக்டர் போனதும் பக்கத்துக் கட்டில் கிழவர் திரையை விலக்கி, "உங்களுக்கு எங்கள் இளவரசனின் வியாதி" என்றார். ஏதோ எனக்குப் பட்டம் கிடைத்த மாதிரி. அவர் பெயர் விக்டர். பெற்றோர் ரஷ்யாவிலிருந்து சீனாவுக்கு ஓடி, அங்கிருந்து சிட்னிக்கு ஓடி வந்தவர்கள். ஓடி வந்த கதை எனக்கும் தெரியும் என்பதால் சீக்கிரம் ஒட்டிக்கொண்டோம். அவர் மேசையில் உள்ளங்கை அளவில் ஒரு சாமிப்படம் இருந்தது. ஏழு பேர், ஏழு தலைக்குப் பின்னாலும் ஒளிவட்டம். ரஷ்யாவின் கடைசி ராஜாவும் குடும்பமும். புரட்சிக்காரர்கள் ஏழு பேரையும் ஒரு நிலவறையில் சுட்டுக் கொன்றார்கள். பிறகு விக்டரின் திருச்சபை அவர்களைப் புனிதர்கள் ஆக்கிவிட்டது. அடுத்த நாள் அவருடைய மகள், படங்கள் நிறைந்த தடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். அவர்களின் பெயர்களை நான் எழுதப் போவதில்லை. அவை என் வாயில் நிற்பதில்லை. ராஜா, ராணி, மகள்மாரான நாலு பெட்டையள், மகனான ஒரு பெடியன், அவ்வளவுதான்.

வாசிக்க வாசிக்க எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் எரிச்சல். அந்த ராஜா நாடு தீப்பிடித்து எரியும்போதும் டயரியில் வானிலை எழுதியவன். நடந்தேன், விறகு வெட்டினேன், தேநீர் குடித்தேன், பிள்ளைகளுக்குக் கதை வாசித்தேன். எங்கள் தெருவில் குடியிருந்திருந்தால் நல்ல மனிதன் என்று பெயர் எடுத்திருப்பான். ராணி வெட்கக்காரி. ஆட்களைக் கண்டால் கைகள் சிவந்துவிடும்; அதை ஊரே திமிர் என்று நினைத்தது. முதுகு வலி, நெஞ்சு வலி என்று சோபாவில் படுத்தபடி புருஷனுக்குக் கடிதம் கடிதமாக எழுதினாள். பெட்டையள் நாலு பேரும் அரண்மனையில் இருந்தும் முகாம் கட்டிலில் படுத்து, காலையில் பச்சைத்தண்ணீரில் குளித்து வளர்ந்தவர்கள். மூத்தவள் யோசனைக்காரி, முன்கோபி. இரண்டாமவள் எல்லோரையும் மேய்க்கிறவள். மூன்றாமவள் பெரிய கண், பெரிய மனசு. ஒரு சிப்பாயைக் கட்டி நிறையப் பிள்ளை பெற வேண்டும் என்று சொல்லித் திரிந்தவள். கடைக்குட்டி பனி உருண்டைக்குள் கல்லை வைத்து அக்காவுக்கு எறிந்த குரங்கு.

பெடியனுக்குத்தான் என் வியாதி, கடுமையான வகை. சைக்கிள் கேட்பான், கிடையாது. ஓடக் கேட்பான், கிடையாது. பின்னால் எப்போதும் ஒரு கப்பல்காரன் அவனைத் தூக்குவதற்கென்றே திரிந்தான். அவனுக்கு என்ன வியாதி என்று நாட்டுக்கு ஒருநாளும் சொல்லவில்லை. ராணியின் அண்ணன் ஒருவன் குழந்தையில் ஜன்னலால் விழுந்து, இரத்தம் நிற்காமலே செத்தவன். ராணியின் சொந்த அக்காவின் பிள்ளையும் அப்படியே. தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிற வித்தை அரண்மனையிலும் இருந்திருக்கிறது.

அந்தக் கிழமையே ஹீமோபிலியா நேர்ஸ் ஜூலி வந்து, ஒரு தாளில் என் குடும்ப மரத்தைக் கீறத் தொடங்கினாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். "அம்மாவுக்குச் சகோதரர்கள்?" என்று கேட்டாள். ஒருவர், நான் பிறக்க முதலே பதினொரு வயதில் பாம்பு கடித்துச் செத்தவர் என்றேன். பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இதைத் தெரிந்த வேறு யாராவது இருக்கிறார்களா?" என்றாள். அவள் முன்னாலேயே அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, சின்ன மாமாவைக் கடிச்சது என்ன பாம்பு?"

"நான் நாளைக்கு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் மத்தியானம் அக்கா கோழி சூப்புப் பிளாஸ்க்கோடு என் கட்டிலருகே வந்து நின்றாள். விமானத்தால் இறங்கி, எங்கள் வீட்டுக் குசினியில் சமைத்து, வதனியை வேலைக்கு அனுப்பிவிட்டு வந்திருந்தாள். கதிரையை இழுத்துப் போட்டு, சூப்பை ஊட்டி முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"பாம்புமில்லை, பல்லியுமில்லை. மதிலால விழுந்தவர். வயித்துக்குள்ள இரத்தம் ஓடி மூண்டு நாள் கத்திக் கத்திச் செத்தவராம். பாம்பெண்டு சொன்னா ஒருத்தரும் குடும்பத்தைப் பற்றிக் கதைக்க மாட்டினம் தானே. அம்மா எனக்குக் கலியாணத்தண்டு காலமைதான் சொன்னவ. ஆருக்கும் சொல்லக்கூடாதெண்டு கையில அடிச்சுச் சத்தியம் வாங்கினவ."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"நீ நல்லாத்தானே இருந்தனீ."

"பல்லுப் பிடுங்கேக்க ஓடினது?"

அக்கா துவாயால் என் வாயைத் துடைத்தாள்.

"சரி, ஒப்பரேஷன் எண்டு நான் போன் எடுக்கேக்கயாவது சொல்லியிருக்கலாமே அக்கா?"

"அதுக்குத்தானே அர்ச்சனை செய்தனான்" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பிளாஸ்க்கைத் தூக்கி எறிந்திருப்பேன். கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்தது. அவளோ அதைக் கவனிக்காமல், வந்த விஷயத்துக்கு வந்தாள். அவள் மகள் தர்ஷிக்கு எட்டாம் மாதம். ஆண்பிள்ளை என்று ஸ்கானில் சொல்லிவிட்டார்கள். "தர்ஷின்ர மாமியாருக்கு இது தெரிஞ்சா, நோயைக் கொண்டுவந்து தங்கட தலையில கட்டிப்போட்டினம் எண்டு சொல்லுவா. பிள்ளை பிறந்து ஒரு வருசம் போகட்டும். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காத. சத்தியம் பண்ணு" என்று கையை நீட்டினாள். நான் பலவீனமாகக் கிடந்தேன். அவள் அழுதாள். கையில் அடித்துக் கொடுத்துவிட்டேன்.

அதன் பிறகு அவள் ஒவ்வொரு நாளும் வந்தாள். கால் அமுக்கினாள், தலைமயிரைச் சீப்பால் இழுத்துவிட்டாள், உடற்பயிற்சிக்காரி என்னை நடக்கவைக்கும்போது பின்னால் கதிரையோடு நடந்தாள். என் போன் சார்ஜ் ஆகவில்லை என்று தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். ஜூலி வந்தால் எழும்பிப் போகாமல் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி வாட்டில் எல்லோரும் இப்படி ஒரு அக்கா கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள். அவள் எனக்குக் காவல் இருந்தாள் என்பது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்.

ஒருநாள் அக்கா தேநீர் வாங்கப் போன இடைவெளியில் ஜூலியிடம், ஊரில் யாருக்கோ நடப்பது போல, இந்த வியாதியோடு பிள்ளை பிறந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். பிள்ளை வெளியே வர மறுத்தால் தலையில் கப் வைத்து இழுப்பார்கள், அல்லது இடுக்கியால் பிடித்து இழுப்பார்கள், சாதாரணப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, இந்த வியாதி உள்ள பிள்ளைக்கு மூளைக்குள் இரத்தம் ஓடலாம், முன்கூட்டித் தெரிந்தால் அதை ஒருநாளும் செய்ய மாட்டார்கள் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்கள் சொந்தக்காரருக்கு நான் போன் எடுக்க முடியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றாள். அவள் ஒன்றும் முட்டாள் இல்லை. இன்னும் பிறக்காத ஒரு பிள்ளையின் தலை என் கையில் இருந்தது.

அடுத்த நாள் புத்தகத்தில் அந்த இடம் வந்தது. போலந்துக் காட்டில் வேட்டை மாளிகை. பெடியனுக்கு எனக்கு ஓடிய அதே இடத்தில் இரத்தம் ஓடி, கால் மடங்கி, நாள்கணக்காக அலறுகிறான். வேலைக்காரர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். கீழே விருந்தாளிகள். சின்னப் பெட்டையள் இரண்டு பேரும் நாடகம் நடிக்கிறார்கள். ராணி முன்வரிசையில் இருந்து சிரித்துவிட்டு, நடுவில் எழும்பி, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலே ஓடுகிறாள். திரும்பி வந்து மறுபடியும் சிரிக்கிறாள். பிள்ளை சாகப் போகிறான் என்று ஆனபோதும் நாட்டுக்கு விட்ட அறிக்கையில் வியாதியின் பெயர் இல்லை.

"இதுக்கா ஒளிவட்டம்?" என்று விக்டரிடம் பாய்ந்தேன். அந்தப் பெடியனின் வலியைத் தணிக்கிறான் என்று ஒரு தாடிச் சாமியாரை ராணி பக்கத்தில் வைத்திருந்தாள். ஏன் வைத்திருக்கிறாள் என்று ஊருக்குத் தெரியாது. ஊர் தன் பாட்டில் ஊத்தைக் கதை கட்டியது. உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு தாய் என்றாவது இரங்கியிருப்பார்கள் என்றேன். விக்டருக்குக் கழுத்து சிவந்தது. "எந்தத் தகப்பன் தன் மகனின் வியாதியைத் தெருவில் ஏலம் போடுவான்?" என்றார்.

"என்ன சண்டை?" என்று அக்கா கேட்டாள். புத்தகத்தை அவள் மடியில் வைத்து முழுக்கதையும் தமிழில் சொன்னேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். ராணி மகனின் கட்டில் ஓரத்தில் இருக்கும் படத்தை அவள் கனநேரம் பார்த்தாள். "பாவம் மனிசி. தாய் வேற என்ன செய்யிறது?" என்று கண்ணைத் துடைத்தாள். பிறகு வெள்ளைச் சட்டை போட்ட நாலு பெட்டையளின் படத்தில் விரலை வைத்தாள். "நாலு குமர். இது வெளிய தெரிஞ்சா ஆர் கட்டுவினம், சொல்லு பாப்பம்."

"ஒருத்தியும் கட்டேல்லை அக்கா. மூண்டாவது பெட்டைக்கு தொண்டையில ஒப்பரேஷன் செய்யேக்க இரத்தம் பாய்ஞ்சு டொக்டர் பயந்தவனாம். அவளும் சுமந்தவள்தான் போல. மறைச்சு என்ன கண்டவை?"

அக்கா புத்தகத்தை மூடி விக்டரின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்குப் போனாள். வாட் நேர்ஸிடம் போன் வாங்கி தர்ஷிக்கு எடுத்தேன். சின்ன மாமா, பாம்பு, என் கால், கப், இடுக்கி என்று மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"மாமா, எனக்குத் தெரியும்" என்றாள் தர்ஷி.

"என்ன தெரியும்?"

"பதினாறு வயசில பீரியட்ஸ் நிக்கேல்லை. தமிழாக்கள் இல்லாத இடமாப் பாத்து, ஒரு மணித்தியாலம் கார் ஓடி அம்மா டொக்டரிட்ட கொண்டு போனவ. அப்ப சொன்னவ."

"ஆஸ்பத்திரிக்குச் சொன்னியே பிள்ளை?"

"எங்க வைச்சுச் சொல்லுறது மாமா? ஒவ்வொரு அப்பொயின்ட்மென்டுக்கும் அவர் வாறார். மாமியும் வாறா."

"நான் ஒப்பரேஷனுக்குப் போறதும் உனக்குத் தெரியுமோ?"

"தெரியும்." "உங்களுக்குச் சொல்லோணும் எண்டு நினைச்சனான். உங்களுக்குத் தெரிஞ்சா எல்லாருக்கும் சொல்லிப்போடுவியள் எண்டு அம்மா சொன்னவ."

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள புருஷனுக்குச் சொல்லு. நீ சொல்லாட்டி நான் சொல்லுவன்" என்றேன். போனை வைத்துவிட்டாள்.

அக்கா கோயிலால் வந்தபோதே அவளுக்குச் செய்தி எட்டியிருந்தது. திருநீற்றுப் பொட்டலத்தையும் என் போனையும் மேசையில் வைத்தாள். பிளாஸ்க்கை எடுத்து, வாட் பேசினில் கழுவி, துடைத்து, பையில் வைத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை.

தர்ஷி சொல்லிவிட்டாள். மருமகன் இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை, மூன்றாம் நாள் தானே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். மாமியார், அக்கா சொன்ன அதே வார்த்தைகளைத்தான் சொன்னாளாம். பிள்ளையை வயிற்றை வெட்டி எடுத்தார்கள். தலை பெரிது, தெரியாமல் இருந்திருந்தால் கட்டாயம் கப் வைத்திருப்போம் என்றாராம் டொக்டர். தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்ததில் அவனுக்கும் இருக்கிறது, என்னைப் போல லேசாக. பிள்ளையின் முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு எங்களுக்கு அழைப்பு வரவில்லை. "தம்பிக்கு இன்னும் நடக்கேலாது" என்று அக்கா வந்தவர்களுக்குச் சொன்னாளாம். நான் அப்போது ரயில் ஸ்ரேஷன் வரைக்கும் நடந்து போய் வந்துகொண்டிருந்தேன்.

என் மகள் அபிக்கு இருபத்து நாலு வயது. நான் வீட்டுக்கு வந்த முதல் கிழமையே, அவளும் இதைச் சுமக்கிறாள் என்று முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "ஓகே அப்பா" என்றாள், தானே போய்ச் சோதித்துக்கொண்டாள். நான்தான் எங்கள் குடும்பத்தில் முதல் நேர்மையானவன் என்று எனக்குள் கொஞ்சம் மிதப்பும் வந்தது.

போன ஞாயிறு அபி விரும்பும் பையனின் அப்பா அம்மா நார்த்மீடிலிருந்து முதல் தரம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். தமிழ்நாட்டுக்காரர், தன்மையான மனிதர்கள். காலையில் வெங்காயம் வெட்டிக்கொண்டே வதனி, "இஞ்சாருங்கோ, இண்டைக்கு அந்தக் கதை வேண்டாம். முதல் முதல் வருகினம்" என்றாள். "ஓம், இண்டைக்கு வேண்டாம்" என்றேன். சொல்ல எனக்கு ஒரு நொடிகூட எடுக்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் பையனின் அம்மா, "உங்களுக்கு என்னமோ ஆபரேஷன்னு சொன்னாங்க, இப்ப பரவாயில்லையா?" என்று கேட்டார்.

"சின்ன ஹேர்னியா ஒப்பரேஷன் தான். கொஞ்சம் கிருமி தொத்திப் போச்சு. இப்ப எல்லாம் சுகம்" என்றேன்.

அபி கரண்டியைக் கீழே வைத்தாள். அப்பாவுக்கு ஹீமோபிலியா, எனக்கும் அந்த மரபணு இருக்கிறது, எனக்கு ஆண்பிள்ளை பிறந்தால் அவனுக்கும் வரலாம், ரெண்டு மாதத்துக்கு முன்பே நான் உங்கள் மகனுக்குச் சொல்லிவிட்டேன் என்று இங்கிலீஷில் நாலே வரியில் சொல்லி முடித்தாள். பையனின் அம்மா "அப்படியா" என்றார். அவன் அப்பா தண்ணீரை எடுத்துக் குடித்தார். மேசையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

என் பிள்ளையைப் பார்த்துப் பெருமைப்பட்டேன் என்று எழுதத்தான் ஆசை. எழும்பி அவள் கன்னத்தில் ஒன்று போட வேண்டும் போலத்தான் எனக்கு இருந்தது.